அவசரம் இல்லை

காலை ஏழு ஐம்பதுக்குக் கேட் திறந்தது. முதலில் தெரிந்தது ஒரு பழுப்புக் கோப்பு. மழைக்காக அதைத் தலைமேல் பிடித்தபடி பிரொபேஷன் ஆபீசர் உள்ளே வந்தார்.

கரமனையில் என் வீட்டு மாடியில் அப்போது கட்டட வேலை. வேலையாட்களில் ஒருவன் செம்புக் கம்பிச் சுருள் இரண்டைத் திருடி விற்றுவிட்டான். புகார் கொடுத்தது நான். அவன் ஒப்புக்கொண்டான். முதல் தப்பு என்பதால், சிறைக்கு அனுப்புவதா, நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே விடுவதா என்று தீர்மானிக்க நீதிமன்றம் அறிக்கை கேட்டிருந்தது.

அவனை வெளியே விடலாமா என்று ஆபீசர் அம்மாள் என்னிடம் முதலில் கேட்டார். ஆட்சேபணை இல்லை என்றேன். சொல்லும்போது என்னைப் பற்றி எனக்கே நல்ல எண்ணம் உண்டாயிற்று.

வேலை தர ஒருவர் இருந்தால்தான் சாதகமாக எழுத முடியும் என்று சொல்லிவிட்டு மேஸ்திரியை அழைத்தார். மேஸ்திரி சங்கரன்கோவில்காரர், கேரளத்துக்கு வந்து நான்கு மாதம். முந்தின நாளே என்னிடம் சொல்லியிருந்தார்: "கைய நீட்டிட்டான், சரி. அதுக்காக அவன மாதிரி பூச்சுக்காரன் எனக்கு எங்க சார் கிடைப்பான்?"

ஆபீசர் மலையாளத்தில் கேட்டார்: "அயாள்க்கு ஒரு அவசரம் கொடுத்தூடே?"

மேஸ்திரி சிமெண்ட் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். "அவசரம்லாம் ஒண்ணும் இல்ல மேடம். மெதுவா வரட்டும்."

மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கக் கூடாதா என்பதுதான் கேள்வி. எப்போது வந்தாலும் அவன் இடம் இருக்கும் என்றுதான் இவர் சொன்னார். இப்போது வாய்ப்பில்லை, தண்டனை முடிந்து வரட்டும் என்று அது அங்கே போய்ச் சேர்ந்தது. ஆபீசர் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

பத்திரிகையில் இருபது வருடம் நான் பார்த்த வேலையே மலையாளச் செய்திகளைத் தமிழாக்குவது. இந்தச் சொல்லில் இடறியவர்கள் பலரைத் திருத்தியிருக்கிறேன். மூன்றடி தள்ளி நின்றேன். ஆபீசர் கோப்பை மூடி, என்னிடம் குடை இரவல் வாங்கி, தெருக்கோடி திரும்பும்வரை எனக்கு நேரம் இருந்தது. கம்பி போன கோபம் எனக்குள் இன்னும் தீரவில்லை என்பது அந்த நேரத்தில்தான் தெரிந்தது.

ஆறு மாதம் சிறை. நீதிமன்றத்தில் பின்பெஞ்சில் இருந்தேன். வேலை கொடுக்க மேஸ்திரிக்கு விருப்பமில்லை என்று அறிக்கையிலிருந்து வாசித்தபோது அவன் திரும்பி அவரைத் தேடினான். மேஸ்திரி வரவில்லை, வேலை நாள்.

மாலையில் அவரிடம் சொன்னேன். "நான் வரட்டும்னுதானே சார் சொன்னேன்? நீங்களும் நின்னீங்களே" என்றார். ஆமாம் என்றேன்.

மலையாளப் பத்திரிகையில் 'தொழிலவசரங்ஙள்' என்று தலைப்புப் போட்ட வேலைவாய்ப்புப் பக்கத்தை நான் இப்போது பிரிப்பதில்லை. பஸ்ஸில் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால், எந்த மொழியில் சொன்னாலும், மேஸ்திரியின் குரலில்தான் காதில் விழுகிறது.

அவன் விடுதலையான அன்று மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டுச் சிறை வாசலுக்குப் போனார். அவன் அவரைப் பார்த்தும் நிற்காமல் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ ஏறினான்.