கத்தாத ஒரு வாரம்

சங்கரன்கோவிலில் நாங்கள் போகும் சபையில் ஞாயிறுதோறும் சாட்சி நேரம் உண்டு. மகனுக்கு வேலை கிடைத்தது, வீடு கட்டி முடிந்தது என்று ஆளுக்கொரு நன்மையைச் சொல்லி உட்காருவோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருந்த அந்தம்மா மட்டும், சேலையில் ஒட்டிய நூலைத் தட்டிவிட்டபடி எழுந்து, "காப்பில சீனி போதலன்னு சொன்னதுக்கு எங்க மாமியாகிட்ட கத்திட்டேன். ஜெபம் பண்ணுங்க" என்பார். வாரம் தவறாமல் இப்படி ஏதாவது ஒன்று. மாமியார் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏம்மா, இதையெல்லாமா சபையில சொல்லுதது?"

"வேற எங்கன போயிச் சொல்ல, அண்ணாச்சி? பைபிள்ல சொல்லுத பொறுமைங்கிற கனி எங்கிட்ட இன்னும் பிஞ்சுகூடப் பிடிக்கலயே. உள்ளதத்தான சொல்லுதேன்."

மழை பெய்த ஒரு ஞாயிறன்று எழுந்தார். "இந்த வாரம் கத்தல" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

பின்வரிசையில் மாமியார் எழுந்து நின்றார்.

"ஆமா, கத்தல. ஸ்தோத்திரம்!"

நானும் வருஷக்கணக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். என் வீட்டார் ஒருவரும் இதுவரை அப்படி எழுந்து, "ஆமா" என்று சொன்னதில்லை.