நெல்லையப்பன் அண்ணாச்சியும் ஒற்றை வரி உத்தரவும்

செய்தி எனக்கு வக்கீல்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. தம்பானூரில் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தேன். "தோக்கு வக்கீல் போயி" என்று ஒரு வரி. கீழே கும்பிடும் கைகள் வரிசையாக. அதற்கும் கீழே ஒருவர், அவருடைய அறை காலியாகுமா என்று விசாரித்திருந்தார். அண்ணாச்சியின் உடல் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் வீடு வந்து சேரவில்லை. அந்த அறையில் பாதி என்னுடையது என்பதுகூட அந்தப் புண்ணியவானுக்கு நினைவில்லை.

தோக்கு என்றால் மலையாளத்தில் துப்பாக்கி. அந்தப் பட்டப்பெயரைச் சொல்லிக் கான்டீனில் சிரித்தவர்களே இரங்கல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து "சுதந்திரத்தின் காவலர்" என்றார்கள்.  அவரை அறிந்தவர்கள் நடந்ததையும் அறிந்திருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆரியசாலையில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்த திருநெல்வேலிக் குடும்பம் அவருடையது. துப்பாக்கி வழக்குகளுக்குப் பேர்போன இந்த மனிதருக்குத் தீபாவளி வெடிச் சத்தமே ஆகாது. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்திருப்பார். ஒரு கட்சிக்காரர் தன் இரட்டைக்குழல் துப்பாக்கியை உறையோடு எங்கள் அறைக்கே தூக்கி வந்துவிட்டார். அண்ணாச்சி நாற்காலியோடு பின்னால் போனார். "அத வெளிய வச்சிட்டு வாரும்வே. ஆளைப் பாத்துத்தான் எனக்குப் பேச வரும், குழலைப் பாத்துப் பேச வராது" என்றார்.

பிறகு ஏன் இந்த வழக்குகள்? எல்லாம் செல்வராஜ் என்ற காவலாளியால் வந்தது. மார்த்தாண்டத்துக்காரர், பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். ஒரு நகைக்கடை வாசலில் நின்றார். சொந்தத் துப்பாக்கியும் உரிமமும் உள்ளவனுக்குத்தான் அந்த வேலை கிடைக்கும். தேர்தல் வந்தால் உரிமம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று போலீஸ் சொல்லும்; அது இங்கே வெகுநாள் வழக்கம். செல்வராஜும் ஒப்படைத்தார். துப்பாக்கி இல்லாத காவலாளி எதற்கு என்று கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

நான் அந்த வழக்கை எடுக்க வேண்டாம் என்றேன். நாட்டில் துப்பாக்கி குறைந்தால் நல்லதுதானே என்பது என் கட்சி. இன்றும் அதேதான்.

"குறையட்டும்வே, நானா வேண்டாங்கேன்?" என்றார் அண்ணாச்சி. "ஆனா ஒருத்தன் கையில இருக்கத அரசாங்கம் பிடுங்கினா, ஏன் பிடுங்குதோம்னு அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்லா? இன்னைக்குத் துப்பாக்கி. நாளைக்கு உம்ம பேனாவ அப்படித்தான் பிடுங்குவான்."

காலை ரயிலில் எறணாகுளம் போய் ஹைகோர்ட்டில் வாதாடினார். துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமையா என்று நீதிபதி கேட்டார். "இல்லை. காரணம் கேட்பது உரிமை" என்றார் அண்ணாச்சி. ஜெயித்தார். ஒவ்வொருவரையும் விசாரித்து, காரணம் எழுதித்தான் துப்பாக்கியை வாங்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

அதற்குப் பிறகு எஸ்டேட் முதலாளிகள் அவரைத் தேடி வந்தார்கள். துப்பாக்கி வைத்திருப்போருக்கென்று ஒரு சங்கம், அதற்கொரு விழா, அண்ணாச்சிக்குப் பொன்னாடை. அமெரிக்காவைப்போல நமக்கும் துப்பாக்கி உரிமை வேண்டும் என்று தலைவர் முழங்கினார். அடுத்துப் பேசிய அண்ணாச்சி, "அங்கே அதை அரசியல் சாசனத்தில் எழுதிவைத்தார்கள். இப்போது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மேஜைக்கு அடியில் ஒளியப் பழக்குகிறார்கள். நம் சாசனத்தில் அதை எழுதாமல் விட்டவர்களை நான் தினமும் கும்பிடுகிறேன்" என்றார். பொன்னாடையைத் திருப்பி வாங்காததுதான் பாக்கி. ஆயுதம் கூடாது என்கிறவர்களும் அவரை மதில்மேல் பூனை என்று ஒதுக்கினார்கள். இரண்டு வீட்டு விருந்தாளிக்கு இரண்டு வீட்டிலும் சோறு இல்லை.

ஸ்ரீவித்யாவைப் பற்றி இரங்கல் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் அக்ரஹாரத்துப் பெண். கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலை. கணவனைப் பிரிந்து வந்தவள். சமாதானம் பேசலாம் என்று அவளைக் கூப்பிட்ட கணவன், உரிமம் பெற்ற தன் ரிவால்வரை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, "இனி பேசலாம்" என்றானாம். அவனுடைய உரிமத்தை ரத்து செய்யக் கேட்டு அண்ணாச்சி மனு கொடுத்தார். ரிவால்வரைப் போலீஸ் வாங்கி வைத்தது.

ஆனால் உரிமம் கொடுக்கும் அலுவலகம் பிறப்பித்த உத்தரவு ஒரே வரி. காவல்துறை அறிக்கையை முன்னிட்டு உரிமம் நிறுத்திவைக்கப்படுகிறது, அவ்வளவுதான். காரணமும் இல்லை, விசாரணையும் இல்லை. செல்வராஜ் வழக்கில் தோற்றுப்போன அதே முறை. அந்த அலுவலகத்தில் பழைய உத்தரவைப் பார்த்துப் பெயரை மட்டும் மாற்றுவதுதான் பழக்கம். கோர்ட் என்ன சொன்னால் என்ன? அண்ணாச்சி அன்றே ஓடிப்போய், கணவனைக் கூப்பிட்டு விசாரியுங்கள், மிரட்டியதைக் காரணமாக எழுதுங்கள், இல்லாவிட்டால் இது நிற்காது என்று கெஞ்சினார். நானும் கூடப் போயிருந்தேன். "இது மதி சாரே. தோக்கு நம்மட கையில் இல்லே?" என்றார் அங்கிருந்த அதிகாரி. இது போதுமாம். துப்பாக்கிதான் கைக்கு வந்துவிட்டதாம்.

கணவனின் வக்கீல் எறணாகுளத்தில் செல்வராஜ் தீர்ப்பைப் பாரா பாராவாக வாசித்தார். வாசிப்பதற்கு முன் அண்ணாச்சியைப் பார்த்துத் தலை வணங்கவும் செய்தார். உத்தரவு ரத்தானது. ரிவால்வர் அவன் வீட்டுக்குத் திரும்பிப் போனது. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று வராந்தாவில் சிரித்தவர்களை எனக்குப் பெயரோடு தெரியும்.

திரும்பும் ரயிலில் அண்ணாச்சி சொன்னார்: "தீர்ப்பு சரிதான்வே. அதான் நெஞ்ச அறுக்கு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "சரியா? உங்க உரிமையெல்லாம் இப்போ அவனோட அலமாரிக்குன்னா காவல் நிக்கறது? அந்தப் பொண்ணு எங்க போவா அண்ணாச்சி?"

"செல்வராஜுக்கு ஒரு சட்டம், இவனுக்கு ஒரு சட்டம்னு நான் கேக்க முடியுமாவே? நீரே சொல்லும்."

  ஸ்ரீவித்யா வேறு ஊருக்கு வேலையை மாற்றிக்கொண்டு போனாள். எந்த ஊர் என்று அவள் அம்மாவையும் எங்களையும் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அண்ணாச்சி மறுபடியும் மனு எழுதினார். இந்த முறை சாட்சிகளைத் தானே கூட்டிக்கொண்டு போனார். விசாரணை தள்ளிப்போனது. அதிகாரி மாறினார்; தள்ளிப்போனது. தேர்தல் வேலை என்றார்கள், தள்ளிப்போனது. செத்தவன் கையில் வெற்றிலை பாக்குக் கொடுத்ததுபோல அந்த அலுவலகம் நகர்ந்தது. அங்கே வராந்தாவில் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்த ஒரு மத்தியானம்தான் அவருக்கு வியர்த்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் எல்லாம் முடிந்துவிட்டது.

இரங்கல் கூட்டத்தில் எல்லோரையும்விட நன்றாகப் பேசியவர் அந்தக் கணவனின் வக்கீல்தான். அண்ணாச்சியின் தீர்ப்பு குடிமக்களுக்கெல்லாம் ஒரு குடை என்றார். கைதட்டினார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அவருடைய புகழ் யாருக்கு வேண்டுமோ அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு வந்து சேர்ந்திருப்பது ஸ்ரீவித்யாவின் வழக்கு. கூடவே, சரியான தீர்ப்பு ஒன்று ஒரு பெண்ணை ஊரைவிட்டுத் துரத்தியதைப் பார்த்தபிறகும் அந்தத் தீர்ப்பைத் தவறு என்று சொல்ல மறுத்த அவருடைய பிடிவாதம். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் ஸ்ரீவித்யா கூப்பிட்டாள்.

"அங்கிள், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ரெண்டு நாள் லீவு கிட்டும். வந்துட்டு ஓடிப்போயிடறேனே?"

"வரவேண்டா மோளே. அது இன்னும் அவன்கிட்டதான் இருக்கு."

"தப்புப் பண்ணினவன் சுகமா ஊர்ல நடக்கறான். நான் என்னத்துக்கு ஒளிஞ்சுண்டு இருக்கணும், பறையுங்கோ."

ஆபரேஷனுக்கு அவள் அம்மாவோடு என் மனைவிதான் போனாள். கண் கட்டைப் பிரித்ததும் அந்த அம்மா அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வித்யா வரலையா?" என்று கேட்டிருக்கிறாள்.