மருமகளோடு பேசப் பழகியது

கியா பார்மிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி லோரி ஓட்டும் என் மகன், அங்கே ரொட்டிக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். தமிழ்ப் பெண்தான். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. எனக்கோ வாய் ஓயாது. இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கே அது தெரியும். வருகிறவளோடு எப்படிப் பேசுவது, யாரைத்தான் திட்டுவது? என் வீட்டில் காலமெல்லாம் விருந்தாளி மாதிரி சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாளோ என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

மகனிடம் சொல்லாமல் யூடியூபில் தேடினேன். ஒரு டீச்சர் தமிழில் விளக்கம் சொல்லிச் சைகை கற்றுக்கொடுத்தார். வீட்டில் போனுக்கு லைன் சரியாகக் கிடைக்காது. வேலை முடிந்ததும் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் போய், போனை ஜன்னலில் சாய்த்து வைத்துக் கைகளை ஆட்டுவேன். கொழுந்து வெட்டும் கத்தரியைப் பிடித்தே பழகிய விரல்கள், மடங்கு என்றால் மடங்காது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்னாக்கா, சாமி வந்துருச்சா?"

"வந்தா உன்னத்தான் மொதல்ல புடிக்கும், போடி."

பெண் பார்க்கப் போனோம். வா, பக்கத்தில் உட்கார், உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது என்று படபடப்போடு கைகளால் சொன்னேன். அவள் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பிறகு என் மகனைப் பார்த்தாள். அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ம்மா, எதப் பாத்துப் படிச்சீங்க? இது இந்தியாவுல செய்ற சைகை. மலேசியாவுக்கு வேற இருக்குலா."

தமிழில் சொல்லிக்கொடுத்தால் அது நம்முடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாளிலிருந்து அவளே சின்னச் சின்ன வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினாள். நான் செய்து திருப்பி அனுப்புவேன். தப்பாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் மெதுவாகச் செய்து காட்டுவாள். ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. அதைப் பார்த்துப் பார்த்தே அவள்மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டது.

ஆனால் கல்யாணமாகி வந்த பிறகும், நான் எது சொன்னாலும் சரி சரி என்றே தலையாட்டினாள். நான் வைத்த குழம்பில் உப்புக் கரித்தாலும் சிரிப்புதான். சொந்த வீட்டில் யாராவது அப்படி இருப்பார்களா?

ஒரு நாள் காலையில் நல்ல மழை. மகன் லோரியோடு போய்விட்டிருந்தான். நான் இருமிக்கொண்டே, மழைச்சட்டைகூடப் போடாமல் வேலைக்குக் கிளம்பினேன். வாசலில் வந்து மறித்தாள். என் கையிலிருந்த கூடையைப் பிடுங்கி உள்ளே போட்டாள். நேற்றெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினீர்கள், மருந்தும் குடிக்கவில்லை, இப்போது மழையில் நனையப் போகிறீர்களா, படுத்துக்கொண்டால் நான் என்ன செய்வேன் என்று அவளுடைய இரண்டு கைகளும் பறந்தன. முகம் சிவந்துவிட்டது.

ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. பதிலுக்குத் திட்டத்தான் கையைத் தூக்கினேன், அழுகை வந்துவிட்டது. அவள் பயந்துபோய் என் கண்ணைத் துடைக்க வந்தாள். நான் அவள் கையை விலக்கிவிட்டு, திட்டு, இன்னும் திட்டு என்று சைகை செய்தேன்.