துப்பாக்கி மனுவும் என் கோபமும்

மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை போட்ட என் கொல்லையைக் காட்டுப்பன்றி நாசம் செய்கிறது என்று துப்பாக்கி லைசென்ஸுக்கு மனு போட்டிருந்தேன். இன்று தாலுகா ஆபீசில் லைசென்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

"போலீஸ் விசாரணையில, உங்களுக்குக் கோவம் ஜாஸ்தின்னு பக்கத்துக் கொல்லைக்காரரு எழுதிக் குடுத்திருக்காருங்க" என்றார் கிளார்க்.

"அந்தப் பேப்பரைக் கிழிச்சிடுங்க. புதுசா மனு போடறேன்."

"முடியாதுங்க. லைசென்ஸ் குடுத்தாலும் குடுக்காட்டியும் விசாரணை ரெக்கார்டு ஃபைல்லயே இருக்கும்."

மேஜையைக் குத்த ஓங்கிய கையை மெதுவாக இறக்கி, அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிரே அதே பக்கத்துக் கொல்லைக்காரர்.

"துப்பாக்கி எப்பங்க வருது? பன்னி இப்ப என் மல்லாட்டையிலயும் பூந்துடுச்சு."

பல்லைக் கடித்துக்கொண்டுதான், ஆனாலும் சிரித்தேன்.

இந்தச் சிரிப்பை எந்த ஃபைலில் எழுதுவார்கள், நீங்களே சொல்லுங்கள்?