வண்டிமாட்டுக்கு அடுத்த வரி

இன்று காலைப் பத்திரிகையில் நான்கு வரிச் செய்தி. வெளிநாட்டு வங்கி ஒன்று, அந்தக் காலத்தில் அடிமைகளை ஈடாகப் பிடித்துக் கடன் கொடுத்ததற்காக வருத்தம் தெரிவித்திருக்கிறது. பத்திரிகை ஆபீசில் பிழை திருத்தியே வயதானவன் நான்; இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. ஒற்றுப் பிழை இல்லை என்று பார்த்த பிறகுதான் செய்தி மண்டையில் ஏறியது.

ஏறியதும் பத்திரங்களில் முத்திரை வைக்கும் அரக்கு உருகும் வாசனை வந்தது. பத்திரிகைக்குப் போகுமுன் மலாயாவில், மலாக்கா டவுனில் ஒரு வெள்ளைக்கார பேங்க்கில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். ரப்பர் விலை சரிந்துகொண்டிருந்த வருஷங்கள். கையெழுத்து அழகு என்பதால் பத்திரங்களை நகலெடுப்பது என் வேலை. தமிழர் யாராவது வந்தால் மொழிபெயர்ப்பதும் நான்தான். கழுத்தில் டை வேறு. அது இரவல் என்று இப்போது சொல்லலாம்.

ஒருநாள் அங்கமுத்து அண்ணன் வந்தார். லூபோக் சீனா பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் இறக்குகிறவர். வெளுத்த சட்டைதான், ஆனாலும் ரப்பர் பால் வாடை போகவில்லை. பியூன் மூக்கைச் சுளித்தான்.

"ரெண்டு ஏக்கர், கிராணியாரே. ஒரு சீனரு விக்கிறாரு. வாங்கிட்டா என் மக தோட்டத்து லயத்துல குடும்பம் நடத்த வேணாம்."

"செட்டியார்கிட்ட கேட்டீங்களா?"

"அவரு வட்டியக் கட்ட இன்னொரு பொறவி எடுக்கணும். தொரை எங்க தோட்டத்தையே இங்கதான அடமானம் வச்சிருக்காரு? அப்ப இது நம்ம பேங்க்குதான்லா!"

சிரித்துவிட்டேன். மேனேஜரிடம் அழைத்துப் போனேன். ஈடு என்ன என்று தலை நிமிராமல் கேட்டார்.

"பன்னெண்டு வருசமா விடியக்காலையில ஆளெண்ணுற பெரட்டுக்கு ஒருநாளும் பிந்தினதில்லன்னு சொல்லுங்க."

சொன்னேன். கூலிகளுக்குக் கடன் கிடையாது என்றார் மேனேஜர். அதை அப்படியே தமிழாக்க எனக்கு வாய் வரவில்லை.

"இப்போ தோதுப்படாதாம்ணே."

"சரி, என் பேரையாவது எழுதி வச்சுக்கச் சொல்லுங்க. அடுத்த வருசம் வர்றேன்."

பேர் இல்லை, ஆனால் அவர் ஏற்கெனவே மேனேஜருக்குப் பின்னால் இருந்த பத்திர அலமாரியில் இருந்தார். போன மாதம் அதே அறையில் துரைக்குத் தேநீர் கொடுத்துக் கடனைப் புதுப்பித்தார்கள். ஈட்டுப் பட்டியலை நகலெடுத்தவன் நான். புகைக்கூடம், லயங்கள், இரண்டு ஜோடி வண்டிமாடு, அதற்கு அடுத்த வரியில் 'நிலையாகத் தங்கிய தமிழ்க் கூலிகள்', பக்கத்தில் எண்ணிக்கை. அந்த வரியின் கீழ் மட்டும் மேனேஜர் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். நல்ல ஈடு என்று அர்த்தம். எழுத்து அன்று எனக்கு முத்து முத்தாக வந்திருந்தது.

அவரிடம் அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் அவருக்கு ஏக்கர் கிடைக்காது, எனக்குத்தான் வேலை போகும். "எழுதி வைக்கிறேண்ணே" என்றேன்.

விலை இன்னும் விழுந்தது. தோட்டம் ஆட்களைக் குறைத்தது. அங்கமுத்து அண்ணனையும் மனைவியையும் மகளையும் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த முறை பட்டியலை நகலெடுத்தபோது கூலிகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது. மாடுகள் அப்படியே இருந்தன.

ஜப்பான்காரன் வந்தபோது பேங்க் காகிதங்களெல்லாம் எரிந்தன. லயம் இருந்த இடத்தில் இன்று எண்ணெய் எடுக்கும் செம்பனை. அந்த ரெண்டு ஏக்கரில் லாரிகள் நிற்கின்றன. பட்டியலைக் கண்ணால் பார்த்தவன் இப்போது நான் ஒருவன்தான். வரி வரியாக ஒப்பிப்பேன். கேட்க வேண்டியவர்கள் எந்த ஊரில் இறங்கிப் போனார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.