மூன்று நாள் குறைவு

தெரசாவுக்குத் தாய்மாமன் டேவிட்டைப் பிடிக்காது. அவருக்கும் அவளைக் கண்டால் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று இருவரும் சிரித்துப் பேசுவார்கள். அந்தச் சிரிப்பில் பல் மட்டும்தான் இருக்கும்.

1982ஆம் வருடம் பள்ளி திறந்த மாதத்தில் ஒரு நாள் டேவிட் அப்படித்தான் சிரித்துக்கொண்டு கேட்டார். "பிலோமினா நாலாங் கிளாசு போய்ட்டா. உன் தங்கச்சி இன்னா, மூணுதானா?"

"ஆமா மாமா."

"எம் பொண்ண டாக்டருக்குப் படிக்க வெக்கப் போறேன். நீ கவலப்படாத. அவ ஆஸ்பத்திரி வெச்சா செலினுக்கு ஒரு நர்சு வேல போட்டுக் குடுக்கச் சொல்றேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஏழு வயது செலின் அக்காவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சென்னைப் புறநகரான அண்ணனூரில் இருந்த வீட்டுக்குத் தெரசா அவளை விறுவிறுவென்று இழுத்துவந்தாள். வந்ததும் அம்மாவிடம் சொன்னாள், "செலின்தான் டாக்டராவா. பாத்துக்கினே இரு."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அப்பா கிறிஸ்துதாஸ் ரயில் பெட்டிகள் பழுது பார்க்கும் ஷெட்டில் கலாசி என்னும் உதவித் தொழிலாளி. இரண்டு பேரும் பெரிய பெண்ணின் பேச்சில் குறுக்கிடுவதில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவளானாலும் வீட்டில் மனு எழுதுவது, ரேஷன் அட்டை பார்ப்பது, கையெழுத்து வாங்குவது எல்லாம் அவள்தான்.

தெரசாவை அறுத்தது நர்சு வேலையல்ல. பிலோமினா செலினைவிட இரண்டரை மாதம் சின்னவள். சின்னவள் எப்படி ஒரு வகுப்பு மேலே போனாள் என்பது தெரசாவுக்கு நன்றாகவே தெரியும். அந்த நாளில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால், வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. பிறந்த தேதிக் கட்டத்தில் ஜூன் ஒன்று என்று விழும். பள்ளியில் பாதிப் பிள்ளைகள் ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள். பிலோமினாவின் கை காதுக்கு எட்டவில்லை. டேவிட் அவள் தலையைச் சாய்த்துப் பிடித்து எட்டவைத்தார். 1975 மார்ச்சில் பிறந்தவள் 1974 ஜூன் ஒன்றில் பிறந்தவளாகி ஒரு வருடம் முன்னதாகவே உள்ளே போனாள்.

செலினைச் சேர்க்கும்போது தலைமையாசிரியை வேம்புலியம்மாள் பழக்கத்தில் ஜூன் ஒன்று என்று எழுதப் பேனாவை வைத்தார். தெரசா ஞானஸ்நானச் சான்றிதழை மேசைமேல் விரித்தாள்.

"மூணாந்தேதி ஜனவரி, எழுபத்தஞ்சு டீச்சர். ஜனவரில பொறந்தத ஜூன்ல பொறந்ததா எழுதுனா அது பொய்யாச்சே."

"ரொம்பத்தான் சுத்தம் பாக்கறே" என்று சொல்லிவிட்டு அவர் அப்படியே எழுதினார்.

அதே வேம்புலியம்மாள் முன்னால்தான் இப்போது தெரசா மறுபடியும் போய் நின்றாள். செலினுக்கு டபுள் புரமோஷன் வேண்டும். வருட முடிவில் மூன்றிலிருந்து நேராக ஐந்து.

"எதுக்கும்மா இந்த அவசரம்? புள்ள ஓடியா போயிடும்?"

"நாலாங் கிளாசு புஸ்தகம் பூரா படிச்சிட்டா டீச்சர். கேட்டுப் பாருங்க."

"படிப்பத் தாண்டிடலாம். வயசத் தாண்ட முடியாது. சின்னது பெரிய பசங்களோட ஒக்காந்து கஷ்டப்படும். நான் எழுதித் தர மாட்டேன்."

"உங்க பசங்க படிக்கிறதுக்கும் எங்க பசங்க படிக்கிறதுக்கும் வேற வேற சட்டமா டீச்சர்?"

அந்தக் கேள்வி வேண்டாத கேள்வி. வேம்புலியம்மாள் முகம் கறுத்துப் போயிற்று. ஆனாலும் தெரசா விடவில்லை. மாதம் இரண்டு தடவை போய் நின்றாள். மேலதிகாரி பள்ளிக்கு வந்த அன்று அவரிடமே மனுவைக் கொடுத்தாள். அவர் செலினைக் கூப்பிட்டு நான்காம் வகுப்புக் கணக்குகளைப் போடச் சொன்னார். எட்டில் எட்டும் சரி. 1983 ஜூனில் செலின் ஐந்தாம் வகுப்பில், பிலோமினாவுக்கு இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தாள். அந்த ஞாயிறு பூசையில் தெரசா டேவிட் மாமாவைத் தேடிப் போய் வணக்கம் சொன்னாள்.

தெரசாவுக்கு வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், போல்ட்டு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில். ஒவ்வொரு போல்ட்டையும் கேஜ் என்னும் அளவுக் கருவியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் நுழைய வேண்டும், மறுபக்கம் நுழையக் கூடாது. இல்லையென்றால் சிவப்புத் தொட்டி. அந்தக் கையோடுதான் வீட்டுக்கு வந்து தங்கையையும் பார்த்தாள். செலின் ஆங்கிலத்தில் எழுதிய பதிலைப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்து, அடிக்கோலை வரிவரியாக நகர்த்தி, அர்த்தம் தெரியாமலே எழுத்தெழுத்தாக ஒப்பிடுவாள். ஓர் எழுத்து மாறியிருந்தால் ஓரத்தில் சிவப்பு மையில் பெருக்கல் குறி. எட்டாம் வகுப்பிலேயே மருத்துவக் கல்லூரிக்கு வேண்டிய தாள்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டினாள். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, நடத்தைச் சான்று, போட்டோ ஆறு. அதன் பக்கத்தில் கால அட்டவணை. காலை ஐந்து முதல் ஆறு வரை தாவரவியல். செலினுக்கு அப்போது தாவரவியல் என்று ஒரு பாடமே கிடையாது.

பத்தாம் வகுப்பில் செலின் ஒரு நாள் நோட்டை மூடி வைத்துவிட்டாள். "நான் இன்னா உங்க கம்பெனி போல்ட்டா? எப்பப் பாத்தாலும் எடுத்து எடுத்துப் பாக்கற?"

"போல்ட்டு எதிர்த்துப் பேசாது" என்றாள் தெரசா.

வகுப்பில் பிலோமினாவைத் தவிர எல்லாரும் செலினைவிட ஒரு வயது, இரண்டு வயது மூத்தவர்கள். கூடச் சேர்க்கமாட்டார்கள். பிலோமினா மட்டும் பேசுவாள். அதுவும் தெரசாவின் கண்ணில் படாமல்.

1988இல் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் தன் மகனுக்கு வாங்கிய மருத்துவக் கல்லூரி விண்ணப்ப விதிக் கையேட்டைத் தெரசாவுக்குக் கொடுத்தார். ஒரு வாரம் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு விதிக்கும் எதிரே ஒரு டிக். வயது பதினேழு என்ற இடத்தில் விரலை விட்டு எண்ணினாள். அந்தப் பக்கத்தில் வயது கேட்டால் நடக்கிற வயதைத்தான் சொல்வார்கள். பதினாறு முடிந்த மறுநாளே பதினேழு நடக்கிறது. 1991 ஜனவரியில் செலினுக்குப் பதினேழு பிறந்துவிடும். தெரசா டிக் போட்டாள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தது. உயிரியலில் செலினுக்கு இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு, பிலோமினாவுக்கு நூற்று எழுபத்தொன்று. நுழைவுத் தேர்விலும் செலின் நன்றாக எழுதியிருந்தாள். பிறகு விண்ணப்பம் கொடுக்கும் நாள். தெரசா கம்பெனிக்கு லீவு போட்டு, ஒவ்வொரு தாளையும் வரிசையாகக் கோத்து, தங்கையை அழைத்துக்கொண்டு மின்சார ரயிலேறினாள். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் தாள்கட்டை வாங்கினார். இரண்டாவது தாளிலேயே அவர் கை நின்றது.

"டிசம்பர் முப்பத்தொண்ணுக்குப் பதினேழு முடியலையே."

"பதினேழு நடக்குது சார்."

"நடந்தா எனக்கென்ன, ஓடினா எனக்கென்ன? முடிஞ்சிருக்கணும். உங்க பொண்ணுக்கு ஜனவரி மூணுதான் முடியுது."

"மூணு நாள் சார்."

"மூணு நாளோ மூணு நிமிஷமோ. அடுத்த வருஷம் வாங்க. யாரும்மா அடுத்தது?"

கட்டு ஜன்னல் வழியே திரும்பி வந்தது. தெரசா வாதாடவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, மயிரிழை குறைந்த போல்ட்டைக்கூட அவள் சிவப்புத் தொட்டியில்தான் போட்டு வந்திருக்கிறாள். தாள்களை வரிசை மாறாமல் மறுபடி கோத்தாள். செலின் அவளுக்கு முன்னால் நடந்து போய், ரயிலில் வேறு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

சேதி டேவிட்டுக்கு அன்று சாயங்காலமே எட்டிவிட்டது. மிக்சர் பொட்டலத்தோடு வந்தார்.

"அவசரத்துல அண்டாவுக்குள்ள கூட கை போவாதும்பாங்க. நீ புள்ளயவே தூக்கிப் போட்டுட்டியே தெரசா. எம் பொண்ணோடது வாங்கிக்கினாங்க. ஜூன் ஒண்ணு. ராசியான தேதி."

தெரசா எழுந்து உள்ளே போய் ஒரு தாளோடு வந்தாள். ரயிலில் வரும்போதே எழுதிய மனு. செலினின் சான்றுக்காகக் கோயில் பதிவேட்டைத் திறந்தபோது மூன்று பக்கம் தள்ளிப் பிலோமினாவின் பெயரையும் பார்த்திருந்தாள். பக்க எண், வரிசை எண், இருபதாந்தேதி மார்ச் 1975. பிலோமினாவுக்கும் பதினேழு முடியவில்லை. கீழே தன் முழுப் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். மொட்டைக் கடுதாசி எழுதுகிறவள் அல்ல அவள்.

"நாளைக்குக் காலைல ரிஜிஸ்தர் தபால்ல போவுது மாமா. உங்க ராசி அங்க பலிக்குதா பாக்கலாம்."

டேவிட் படித்தார். மிக்சர் பொட்டலம் கையிலிருந்து நழுவியது. "ஏய், உங்கம்மா கூடப் பொறந்தவன்டி நானு. சொந்த மாமன் பொண்ணு வயித்துல மண்ணப் போடுவியா?"

"கோயில் வாசல்ல எல்லார் முன்னாடியும் நர்சு வேல குடுத்தீங்களே, அப்ப எங்க போச்சு சொந்தம்?"

"பாம்ப வளத்து வெச்சிருக்க ஞானகுமாரி!" என்று அவர் தெரசாவின் அம்மாவைப் பார்த்துக் கத்தினார். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அப்பா எழுந்து வெளியே போய் நின்றார்.

அப்போதுதான் செலின் அறையிலிருந்து வந்தாள். மாமன் கையிலிருந்து மனுவை வாங்கினாள். நின்றுகொண்டே கடைசி வரை படித்தாள்.

"அவள வெளிய தள்ளிட்டா எனக்கு மூணு நாள் கூடுமா?"

தெரசா மனுவுக்குக் கை நீட்டினாள்; செலின் தரவில்லை.

"பிலோமினா தேதிய மாமா மாத்தினாரு. அது அவரு பொய்யி. என்னத் தாண்ட வெச்சது யாரு? அஞ்சாங் கிளாசுலேந்து எனக்குன்னு ஒரு சிநேகிதி கெடயாது. எல்லாம் எதுக்கு? அவர் மூஞ்சில கரி பூசறதுக்கு. நீ என்னிய டாக்டராக்கல. நீ அவர ஜெயிச்சிக்கினு இருந்த."

"வாய மூடு செலின்."

"ஒம்பது வருஷமா மூடிக்கினுதான் இருந்தேன்."

அவள் மனுவை நாலாக மடித்துத் தன் வேதியியல் புத்தகத்துக்குள் வைத்தாள். பிறகு சுவருக்குப் போய்க் கால அட்டவணையைக் கிழித்தாள். பசை காய்ந்துபோய் ஒட்டியிருந்ததால் சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்தது. "அடுத்த வருஷம் நான் எழுதறேன். நானா எழுதறேன். என் நோட்டத் தொடாத."

டேவிட் மிக்சரைப் பொறுக்கக்கூட நிற்கவில்லை. அந்த வீட்டுக்கு அவர் மறுபடியும் வர நாலு வருடம் ஆனது.

மனு தபாலுக்குப் போகவில்லை. மதிப்பெண் போதாமல் பிலோமினாவுக்கு இடம் கிடைக்கவில்லை. பி.எஸ்சி. சேர்ந்தாள். செலின் வீட்டிலிருந்தபடியே மதிப்பெண்ணைக் கூட்ட இம்ப்ரூவ்மெண்ட் பரீட்சைக்கும் நுழைவுத் தேர்வுக்கும் படித்தாள். காலையில் ஐந்து மணிக்கு எழுவதில்லை. ஏழு மணிக்குத்தான் எழுந்தாள். தெரசா பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பார்த்தாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் "சாப்பாடு வெச்சிருக்கு", "தண்ணி வந்துடுச்சு" என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. ஒரு நாள் தெரசா வீடு கூட்டும்போது கட்டிலடியில் ஒரு தாள் கிடந்தது. ஒரு பக்கம் முழுக்க வேதியியல் சமன்பாடுகள். திருப்பினால் தன் மனு, தன் கையெழுத்து. தெரசா அதை அப்படியே எடுத்துப் புத்தகத்தின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

1992இல் செலினுக்குச் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. உயிரியலில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது. ஊரில் கேட்கிறவர்களிடம் தெரசா அந்த எண்ணைத்தான் சொல்வாள். ஆனால் அவள் மனத்தில் நிற்பது விண்ணப்பம் எழுதிய நாள்.

அன்று செலின் தரையில் உட்கார்ந்து படிவத்தை எழுதிக்கொண்டிருந்தாள். தெரசா கதவருகில் நின்றாள். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு கட்டமாக முடித்து, கடைசியில் செலின் படிவத்தை நிமிராமலே அவள் பக்கம் தள்ளினாள். மற்ற இடங்களைப் புத்தகத்தால் மறைத்து, ஒரே ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"இத மட்டும் பாரு."

பிறந்த தேதி. அதன் பக்கத்தில் டிசம்பர் முப்பத்தொன்றில் நிறைவடைந்த வயது: பதினேழு வருடம், பதினோரு மாதம், இருபத்தெட்டு நாள்.

தெரசா மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஜனவரி மூன்றிலிருந்து தொடங்கி விரல்விட்டு எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு மறுபடி எண்ணினாள். மூன்றாம் தடவை டிசம்பரிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வந்தாள். செலின் மூச்சை இழுத்து விட்டாள், ஆனால் அவசரப்படுத்தவில்லை.

"சரியா இருக்குதா?"

"முடிஞ்சிருக்கு" என்றாள் தெரசா.

செலின் படிவத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.