வேலைக்குப் போகும் நீலச் சட்டை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை முனையில் ஒரு டீக்கடைக்குள் ஒதுங்கி நிற்கிறேன். மாசி மாதம். காலையில் எதிரே வரும் லாரியே தெரியாத பனி; அப்புறம் மண்டையைப் பிளக்கும் வெயில்; இப்போது மழை. பக்கத்தில் ஓர் இளம்பெண் நீல யூனிபார்ம் சட்டையைப் பிழிந்துகொண்டிருக்கிறாள். இன்றுதான் வேலையில் சேருகிறாளாம்.

“புதுசு, மொடமொடன்னு இருந்திச்சிண்ணா. பனி கொட்னா வெயிலு கியாரண்டின்னு நம்பி தோச்சிப் போட்டேன். இது இல்லாம கம்பெனி கேட்டாண்டயே உடமாட்டாங்க.”

“ஈரத்தோட போட்டுக்கப் போறியாம்மா?”

“இன்னாண்ணா நீ! கம்பெனி போய்ச் சேர்றதுக்குள்ள இந்த மழ நின்னு வெயிலு வராதா?”

கம்பெனி பஸ் வருகிறது. ஓடி ஏறி, ஜன்னலோரம் இருந்தவளை எழுப்பி உட்காருகிறாள். பஸ் நகர்வதற்குள் மழை நிற்கிறது. நிஜமாகவே சுள்ளென்று வெயில் அடிக்கிறது. ஜன்னலுக்கு வெளியே சட்டை வருகிறது. அதன் ஒரு கையை அவள் பிடித்திருக்கிறாள், மறு கையை முன் சீட்டுப் பெண். பஸ் முழுக்கச் சிரிப்பு.

காற்று புகுந்து தொப்பை போட்ட அந்த நீலச் சட்டை, சீட் இல்லாமலே, எல்லோருக்கும் முன்னால் வேலைக்குப் போகிறது.